ஏழு வினைச்சொற்களும் ஒரு வண்டிச் சாமையும்

உட்காருங்கள் என்று மூன்று முறை சொல்லியும் சின்னப்பொண்ணு உட்காரவில்லை.

"குத்தம் சாட்டியிருக்கறப்ப உக்காந்துக்கிட்டுப் பதில் சொல்லக் கூடாதுங்க மேடம். நின்னே சொல்லிடறேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை. கிடங்கின் தகரக் கூரை அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருந்தது. தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் லாரிகளின் கருகிய வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. சின்னப்பொண்ணு துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, என் மேசைமேல் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

தாளைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது நான் எழுதிய ரிப்போர்ட்டின் நகல்.

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சிறுதானியம் வாங்கிச் சுத்தம் செய்து விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்கில் எனக்கு வேலை. வருகிற ஒவ்வொரு வண்டியிலும் மாதிரி எடுத்துப் பார்த்து, பெங்களூரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதி அனுப்ப வேண்டும். சின்னப்பொண்ணு, சித்தேரி மலையில் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர். அங்கே பதினொரு வீடுகள் சேர்ந்து நடத்தும் மகளிர் குழுவுக்குத் தலைவி. அதுவரை அவர்கள் சாமையை அடிவாரத்து வியாபாரிகள் வாங்கித் தங்கள் பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். முதல் முறையாக அந்த வாரம் தங்கள் குழுவின் பெயரை மூட்டையில் எழுதி, இருபத்திரண்டு மூட்டை அனுப்பியிருந்தார்கள்.

"ஏழு தப்புப் போட்டிருக்குதுங்க. ஏழுக்கும் பதில் கொண்டாந்திருக்கறேன்" என்றார்.

ஏழா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வண்டியில் நான் பார்த்தது ஒரே ஒரு குறை. சாமையில் கொஞ்சம் வரகு கலந்திருந்தது. அவ்வளவுதான்.

அந்த ஏழு எப்படி வந்தது என்று சொல்ல, என் கதையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

அட்டை இல்லாத புத்தகம்

பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டில் எல்லோரும் நிலத்தில் வேலை செய்தவர்கள். இங்கிலீஷ் என்பது உரமூட்டையில் அச்சடித்திருக்கும் எழுத்து, அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது பழைய பேப்பர் கடையில் ஒரு தடித்த புத்தகம் கண்ணில் பட்டது. அட்டை இல்லை, முதல் இருபது முப்பது பக்கமும் இல்லை. ஒரு சொல்லைப் போட்டு அதே அர்த்தம் தரும் வேறு சொற்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் எடைக்கு எடை பழைய நோட்டு கேட்டார். என் பத்தாம் வகுப்பு நோட்டு அத்தனையும் போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த நாள்களை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை சொல் ஒளிந்திருக்கிறதா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. களையெடுக்கும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே எடுப்பேன். அதிலும் ஒரு பக்கத்தின் மேல் எனக்குத் தனிப் பைத்தியம். நல்லதைக் கெடுப்பதற்கு இங்கிலீஷில் எத்தனை வினைச்சொல் இருக்கிறதோ அத்தனையும் அந்தப் பக்கத்தில் இருந்தன. அடல்டரேட், கன்டாமினேட், கரப்ட், டிபேஸ், டெயின்ட், விஷியேட், பொல்யூட். சொல்லிப் பாருங்கள், ஒவ்வொன்றும் வாய்க்குள் ஒவ்வொரு விதமாக உருளும். நல்லதைச் சொல்லும் சொற்களில் இந்த ருசி எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

சந்தைக்குப் போனால் ஆளுக்கு ஒரு சொல் ஒதுக்குவேன். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு ஒன்று. மிளகாய்த் தூளில் என்னவோ சேர்த்துச் சிவப்பாக்குகிறவருக்கு ஒன்று. நேற்றைய கத்தரிக்காயை அடியில் வைத்து இன்றையதை மேலே பரப்பும் அக்காவுக்கு விஷியேட். அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து இரண்டு காய் கூடப் போடுவார். நானும் வாங்கிக்கொண்டு, மனத்துக்குள் விஷியேட் சொல்லிவிட்டு வருவேன்.

கல்லூரியில் ஒரு கட்டுரைப் போட்டி. ஆற்று நீர் கெடுவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். கெடுவது என்கிற பொருளில் ஒரு சொல்லைக்கூட இரண்டாம் முறை எழுதவில்லை. முதல் பரிசாக ஒரு ஸ்டீல் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதுவதென்றால் எனக்கு முதல் நாள் கட்டிய சேலையையே மறுநாளும் உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி கூச்சம்.

இந்தக் கூச்சத்தோடுதான் கிடங்கு வேலைக்கு வந்தேன். எனக்கு மேலதிகாரி பெங்களூரில் இருக்கும் நாகேந்திரா சார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "உங்க ரிப்போர்ட் படிக்க நாவல் மாதிரி இருக்குதும்மா" என்று ஒரு முறை போனில் சொன்னார். மற்றக் கிடங்குகளின் ரிப்போர்ட்டையும் நானே திருத்தி எழுதும்படி ஏற்பாடு செய்யப்போவதாகச் சொன்னார். நான் தரையில் நடக்கவில்லை.

அந்தக் குஷியில்தான் சித்தேரிச் சாமைக்கு ரிப்போர்ட் எழுதினேன். முதல் பத்தியில் சரக்கு அடல்டரேட் ஆகியிருக்கிறது என்று ஆரம்பித்தேன். இரண்டாம் பத்தியில் மறுபடி அதே சொல்லைப் போட மனம் வரவில்லை. கன்டாமினேட். மூன்றாம் பத்தியில் கரப்ட். அப்படியே ஒரு பத்திக்கு ஒன்றாக ஏழையும் கோத்து, படித்துப் பார்த்து, நானே என்னை மெச்சிக்கொண்டு, அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஒரு குற்றத்துக்கு ஒரு வீடு

"மொதல்ல கலப்படம்" என்று சின்னப்பொண்ணு சுண்டுவிரலை மடக்கினார். "அது எங்க வூட்டு மேல. எங்க வரகும் குழுவோட சாமையும் ஒரே பாறையில காஞ்சிது. காத்தடிச்சிது. நான் பாத்திருக்கணும்."

அவருடைய அண்ணன் மகள் அரூரில் கல்லூரியில் படிக்கிறாள். ரிப்போர்ட்டை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு சொல்லையும் போன் அகராதியில் போட்டுத் தனித்தனியாகத் தமிழ் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அகராதியின் மேல் குற்றமில்லை. கேட்டதற்குச் சொன்னது.

"ரெண்டாவது அசுத்தம் பண்ணுனது. அது ராமாயி வூடு. ஆடு பாறை மேல ஏறுனத தொரத்தாம வுட்டுட்டாங்களாம். மூணாவது ஊழல்." இந்த இடத்தில் அவர் முகம் வாடியது. "ஊழல்னா நாங்க என்ன கவருமெண்டுங்களா? ஆனா எழுத்துல வந்திடுச்சே. யோசிச்சிப் பாத்து, சின்னத்தாயி தானா எந்திரிச்சி ஒத்துக்கிச்சிங்க. குழுவோட தார்ப்பாய எடுத்துப் போயி சொந்தக் கொள்ளுக்குப் போத்தி வெச்சிருந்துதாம், ஒரு மழைக்கு."

அடுத்த விரலை மடக்கினார்.

"நாலாவது மதிப்பக் கொறச்சது. அது கந்தாயி. அரூரு சந்தையில ஒருத்தரு கேட்டப்ப, இந்த வருசம் எங்க சாமை அவ்வளவு ஒண்ணியும் சொகமில்லைன்னு சொல்லிடுச்சாம். அஞ்சாவது கறை. வெத்தல போட்டுக்கிட்டு குவியலுக்குப் பக்கத்துல நின்னவங்க ஒரு வூடு. ஏழாவது மாசு. பைக்க களத்துல கொண்டாந்து நிறுத்துனவங்க ஒரு வூடு."

"ஆறாவது?" என்றேன்.

"ஆறாவது என்னான்னு யாருக்கும் புரியல. புள்ள எழுதிக் குடுத்ததப் பாத்தும் வெளங்கல. யாரும் எடுத்துக்கல. அதனால ஊர்ப் பெரியவரு, சரி, எம்மேல போடுங்கன்னு எடுத்துக்கிட்டாருங்க."

அது என் விஷியேட்.

அப்புறம் அவர் சொன்ன ஊர் வழக்கம் இது. ஒரு குற்றம் சாட்டப்பட்டால் ஏதாவது ஒரு வீடு எழுந்து அதைத் தன்னுடையது என்று ஏற்க வேண்டும். யாரும் ஏற்காத குற்றம் ஊர் முழுவதன் மேலும் நிற்கும். ஏற்றுக்கொண்ட வீடு ஒரு வெள்ளாமை முடியும் வரை பொதுக் குவியலில் கை வைக்கக் கூடாது. அதாவது, தன் தானியத்தைக் குழுவோடு சேர்க்கவும் முடியாது.

"பதினோரு வூட்டுல ஏழு வூடு ஒதுங்கியாச்சி. மிச்சம் நாலு. நாலு வூட்டுச் சாமைய வெச்சிக்கிட்டு ஒரு வண்டி நெரப்ப முடியாதுங்க. அது கெடக்குது. நாங்க பதில் சொல்லிட்டோம், ஒத்துக்கிட்டோம். பட்டியல்லருந்து பேர மட்டும் எடுத்துடாதீங்க மேடம். அந்தப் பேரு மூட்டையில வர்றதுக்கு ரெண்டு வருசம் நடந்திருக்கறோம்."

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. பெங்களூரில் ஒருவர் ரிப்போர்ட்டைப் படித்து, குறைகளை அட்டவணையில் ஏற்றுவார். மூன்றுக்கு மேல் போனால் அனுப்பியவரின் பெயர் கம்பெனிப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கம். அந்தப் புண்ணியவான் ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு வரிசை போட்டிருக்கிறார். ரிப்போர்ட்டின் நகல் குழுவுக்கும் போய்விட்டது, நீக்கக் கடிதம் சனிக்கிழமை கையெழுத்தாகும்.

அன்றைக்கு வியாழன். ஆத்திரம் வந்தது, அதுவும் என் மேலேயே வந்ததால் யாரையும் திட்ட முடியவில்லை.

"சின்னப்பொண்ணு, ஏழும் ஒண்ணுதாங்க" என்றேன். "வரகு கலந்திருந்துது. அது ஒண்ணுதான். அதையே ஏழு விதமா எழுதிட்டேன்."



"எதுக்குங்க?" என்றார்.

அழகுக்காக என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். வேறு வழி இல்லை.

அவர் திட்டவில்லை. தாளை மறுபடி நான்காக மடித்தார். "இத நான் போயிச் சொன்னா ஊருல நம்ப மாட்டாங்க. தலைவி தப்பிக்கறதுக்குச் சொல்றான்னுவாங்க. எழுதுனவங்க வந்துதான் சொல்லணும். நாளைக்குப் பாறையில கூட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

நாகேந்திரா சார் நம்பவில்லை

அவர் போனதும் பெங்களூருக்குப் போன் போட்டேன். முதல் தடவை மீட்டிங் என்றார்கள். இரண்டாம் தடவை சாப்பாடு என்றார்கள். அதன் பிறகு வைத்துவிட்டு வைத்துவிட்டு அடித்ததில் அவரே எடுத்தார்.

"ஏனம்மா, ஏழு பாயிண்ட்டும் நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதுனது ஏழு சார். தப்பு ஒண்ணுதான்."

"சப்ளையர் வந்து அழுதாங்களா?"

"அழல சார். நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிட்டாங்க."

அவர் நம்பவில்லை. நம்பியிருந்தால்தான் ஆச்சரியம். ஏழு குறை என்று எழுதியவள் அதே வாரத்தில் வந்து ஒன்று என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். மலையிலிருந்து ஏதாவது வாங்கிக்கொண்டேனா என்றுகூட நாசூக்காகக் கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. மாதிரியை மறுபடி தட்டில் பரப்பி, வீடியோ காலுக்கு மாற்றி, கேமராவைத் திருப்பி, ஒவ்வொரு மணியாகப் பிரித்துக் காட்டினேன். இந்தப் பக்கம் சாமை, பொடிசாக, பளபளவென்று. அந்தப் பக்கம் வரகு, கொஞ்சம் பெரிசாக, கருஞ்சிவப்பாக. வேறு எதுவும் இல்லை. பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை, வாடை இல்லை.



"அப்போ அந்த ரிப்போர்ட் என்னம்மா?"

"அது அலங்காரம் சார்."

"சரி. ஒரே வாக்கியத்துல புது ரிப்போர்ட் அனுப்புங்க. பழைய ரிப்போர்ட் தப்புன்னு உங்க பேரைப் போட்டு எழுதிக் குடுங்க, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள. சரக்கை அவங்களே வாங்கிட்டுப் போய்ச் சுத்தம் பண்ணிக் கொண்டு வரட்டும். அப்பறம்மா, மத்தக் கிடங்கு ரிப்போர்ட்டை நீங்க பார்க்க வேணாம். வேற யாராவது பார்த்துக்கட்டும்."

போனை வைத்துவிட்டார். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பட்டியலில் பெயர் இருக்கும். அந்த ஒரு சந்தோஷத்தில் அடுத்த அரை மணி நேரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூட்டைகளை அன்று மாலையே திரும்ப ஏற்றி அனுப்பிவைத்தேன்.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருந்தது. ஏழு வீடு இன்னும் ஒதுங்கித்தான் இருந்தது.

சித்தேரி பஸ்

வெள்ளிக்கிழமை காலையில் தருமபுரி போய், அரூர் போய், சித்தேரி பஸ்ஸைப் பிடித்தேன். மடியில் ஒரு எனாமல் தட்டும், மாதிரிச் சாமைப் பொட்டலமும். பஸ்ஸில் கோழிக்கூடை, உப்பு மூட்டை, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, எல்லாம் ஏறியிருந்தன. வளைவில் திரும்பும்போதெல்லாம் நாற்காலி என் முழங்காலில் வந்து மோதும், நாற்காலிக்காரர் மன்னிப்புக் கேட்பார், அடுத்த வளைவில் மறுபடி மோதும்.

வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன். நல்ல தமிழில், ஒரே சொல் இரண்டு முறை வராமல். பாதி மலை ஏறியபோதுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலிக்காரர் என்னவென்று விசாரித்தார்.

பாறை என்று அவர்கள் சொல்வது வீடுகளுக்கு மேற்கே சரிந்து கிடக்கும் பெரிய கற்பரப்பு. அதுதான் களம், அதுதான் கூட்டம் போடும் இடம். திரும்பி வந்த மூட்டைகளை ஒரு ஓரமாக அடுக்கியிருந்தார்கள். நான்கு வீட்டுப் பெண்கள் மூட்டைப் பக்கம் இருந்தார்கள். மற்ற ஏழு வீட்டுக்காரர்கள் பாறையின் மறுபக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். சின்னப்பொண்ணுவும் அந்தப் பக்கம்தான். ஊர்ப் பெரியவரும் அங்கேதான், தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு.

நான் நடுவில் போய் நின்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்து, பொட்டலத்தைக் கொட்டி, வரகைப் பொறுக்கி ஒதுக்கினேன்.

"இதுதாங்க தப்பு. இது ஒண்ணுதான். மிச்சம் ஆறும் நான் எழுத்துல பண்ணுனது."

பிறகு ஊர்ப் பெரியவர் எழுந்து வந்து தட்டின் முன்னால் குந்தினார்.

"அந்த ஆறாவது என்னாங்க? இப்பவாவது சொல்லுங்க."

"அதுக்கும் இதே அர்த்தந்தாங்க ஐயா."

"இதுக்கா மூணு நாளா சோறு எறங்காம கெடந்தேன்" என்றார். பாறை மேல் முதல் சிரிப்பு அங்கேதான் கிளம்பியது.

ஆனால் கந்தாயி சிரிக்கவில்லை. சந்தையில் தங்கள் சாமையைக் குறைத்துப் பேசியதாக ஒப்புக்கொண்டவர் அவர். "எழுத்துல இல்லாட்டிப் போனா என்ன? நான் சொன்னது நெசந்தானே. நம்ம சரக்க நாமளே எளப்பமாப் பேசுனது தப்புத்தான். எம்பேர எடுக்காதீங்க" என்றார். தார்ப்பாய் எடுத்த சின்னத்தாயியும் தலையைக் குனிந்துகொண்டு, தன்னுடையதும் நிஜம்தான் என்றார். ஆட்டை விரட்டாத ராமாயி மட்டும், "எங்க ஆடு ஏறுனது போன மாசம், சாமை காஞ்சது இந்த மாசம். என்னைய வுட்டுடுங்க" என்று குரல் கொடுத்தார். அதன் பிறகு பேச்சு எங்கெங்கேயோ போனது. பைக்கைக் களத்தில் நிறுத்தலாமா கூடாதா என்று ஒரு தனி வழக்கே நடந்தது. எனக்கு ஒரே பரபரப்பு. நான் அலங்காரத்துக்குப் போட்ட சொற்களுக்கு இவர்கள் தங்கள் வீட்டுக்குள் தேடித் தேடி நிஜமான தப்புகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். வெட்கமாக இருந்தது. அதே நேரம் அந்த இடத்தை விட்டு நகரவும் மனம் இல்லை.

கடைசியில் பெரியவர் கையை உயர்த்தினார். எழுத்தில் இல்லாத தப்புக்கு வீடு ஒதுங்க வேண்டாம், அதது அவரவர் மனசோடு என்று தீர்ப்பாயிற்று. வரகு கலந்ததற்குப் பதினொரு வீடும் சேர்ந்து சுத்தம் செய்து கொடுப்பது என்றும் முடிவானது.

நான் தட்டைக் கையில் எடுத்தேன்.

"இருங்க" என்றார் பெரியவர். "ஆறு தப்பு இல்லைன்னு ஆயிடுச்சி, சரி. புதுசா ஒண்ணு வந்திருக்குதே. ஒண்ண ஏழுன்னு எழுதுனது. அதுக்கு எந்த வூடு?"

யாரோ ஒருவர், வெளியூர்க்காரங்க, விட்டுடுங்க என்றார்.

"பாப்பாரப்பட்டியில எங்க வூடுங்க" என்றேன்.

"வெளியூரு வூடு எப்படிக் கூட்டத்துல வரும்?" என்றார் மூட்டைப் பக்கம் இருந்த ஒரு பெண்.

"வரும்" என்றார் சின்னப்பொண்ணு. "நின்னுக்கிட்டுத்தானே சொல்றாங்க."

கை வைக்காத வெள்ளாமை

ஒரு வெள்ளாமை முடியும் வரை இந்தக் குழுவின் குவியலில் நான் கை வைக்கக் கூடாது. தீர்ப்பு இதுதான். சொன்னவர்களுக்கும் சரி, கேட்ட எனக்கும் சரி, முதலில் அது ஒரு மரியாதை மாதிரிதான் பட்டது. கை வைப்பதே என் வேலை என்பது பிறகுதான் உறைத்தது.

அன்று மதியம் முழுவதும் அவர்கள் சாமையைச் சுத்தம் செய்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு முறம். எல்லாம் ஒரே வேலை போலத்தான் எனக்குத் தெரிந்தது. "எல்லாரும் பொடைக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"பொடைக்கறது அவங்க மட்டுந்தான்" என்றார் கந்தாயி, முறத்தை நிறுத்தாமல். "பொடைச்சா பதரு பறக்கும். நான் பண்றது நாவுறது. பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம் ஒதுங்கும். அந்தப் பொண்ணு கொழிக்குது பாருங்க, மண்ணு வெலகறதுக்கு. ஒண்ணு பண்ற வேலைய இன்னொண்ணு பண்ணாதுங்க."

அவர் கையில் முறம் பக்கவாட்டில் ஆட ஆட, கருஞ்சிவப்பு மணிகள் தனியாக ஒரு ஓரத்துக்கு நகர்ந்து வந்தன. நான் தொடாமல் குனிந்து பார்த்தேன்.

அங்கேயே உட்கார்ந்து போனில் புது ரிப்போர்ட்டை எழுதினேன். சாமையில் வரகு கலந்திருந்தது, அனுப்பியவர்களே சுத்தம் செய்கிறார்கள் என்று ஒரு வாக்கியம். பழைய ரிப்போர்ட் பிழையானது, பிழை என்னுடையது என்று இன்னொரு வாக்கியம். மலையில் சிக்னல் கிடைக்காமல் பாறையின் உச்சிக்கு ஏறிப் போய்த்தான் அனுப்ப முடிந்தது. நாகேந்திரா சார் உடனே கூப்பிட்டார்.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதான் சார்."

பிறகு தீர்ப்பைச் சொன்னேன். இந்தக் குழுவின் வண்டி வரும்போது மாதிரி எடுக்க வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சேலத்திலிருந்து ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்.

அந்த வருஷம் அவர்களுடைய வண்டி நான்கு முறை வந்தது. நான்கு முறையும் நான் வெளியே, எடைமேடைக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றேன். சேலத்து ஆள் உள்ளே மாதிரி எடுப்பார். ஏதும் குறை சொல்லிவிடுவாரோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் சரக்கு சுத்தமாகத்தான் இருந்தது. குழுவின் பெயர் எழுதிய மூட்டைகள் என் கண் முன்னால் போய் பெங்களூர் லாரியில் ஏறின. கிடங்கில் மற்றவர்கள் என்னைக் கேலி செய்தார்கள். மலைக்காரர்கள் கேட்கவா போகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்றார்கள். நான் போகவில்லை.

மறு வருஷம் புதுச் சாமை வந்தது. வண்டி உள்ளே நுழைந்ததும், பழக்கத்தில், நான் எழுந்து எடைமேடைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். சின்னப்பொண்ணு முன்சீட்டிலிருந்து இறங்கிச் சேலையை உதறிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அங்க என்னாத்துக்கு நிக்கறீங்க மேடம்? வெள்ளாமை முடிஞ்சி போச்சிங்க. வாங்க."

முதல் மூட்டையின் கட்டை அவரே அவிழ்த்தார். நான் கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு வரை போனது, முழங்கை வரை விட்டேன். உள்ளே சாமை சில்லென்று இருந்தது. ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் விரித்தேன்.

"எப்படிங்க இருக்குது?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன். அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன் மறுபடியும்.